மைக் முனகினால் யார் குற்றவாளி?

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் கூட்டம் நடந்தாலும், உங்கள் ஊர்க் கோயிலில் திருவிழா நடந்தாலும், மேடையில் ஒரு மைக் நிற்கும். அது பெரும்பாலும் காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட வகை. பேசுபவரின் குரலே சுருளை அசைத்து மின்சாரத்தை உண்டாக்கிவிடும். அதற்குத் தனியாக மின்சாரம் தர வேண்டியதில்லை.

ஆனால் பாட்டுப் பதிவுக் கூடங்களில் வேறொரு வகை மைக் உண்டு. அது மின்தேக்கி மைக். அமெரிக்காவில் பெல் நிறுவனத்தைச் சேர்ந்த வென்டி என்பவர் 1916இல் இதை உருவாக்கினார். இதில் மெல்லிய தகடு ஒன்றும் அதன் பின்னால் கனத்த தகடு ஒன்றும் சிறிய இடைவெளியில் நிற்கின்றன. ஒலி பட்டதும் மெல்லிய தகடு அதிர்கிறது. இடைவெளி மாறுவதால் மின்தேக்குத் திறனும் மாறுகிறது. இந்த மாற்றம் மிக மிக நுண்ணியது. அதைப் பெருக்க மைக்கின் உடலுக்குள்ளேயே ஒரு வால்வு வைத்தார்கள். அந்த வால்வுக்கு மின்சாரம் வேண்டுமல்லவா? அதைத் தருவதே மின்வழங்கி என்னும் தனிப் பெட்டி.

இவ்வகையில் புகழ் பெற்றது, பெர்லின் நகரின் நாய்மன் நிறுவனம் 1949இல் வெளியிட்ட யு 47. இதன் மின்வழங்கி தருவது 105 வோல்ட். உள்ளே இருக்கும் விஎப் 14 என்ற வால்வின் சூடேற்றும் இழைக்குக் கிடைப்பதோ சுமார் 36 வோல்ட். மீதி 69 வோல்ட்டை 1780 ஓம் மின்தடை ஒன்று ஏற்றுக்கொள்கிறது. ஓம் விதிப்படி 69ஐ 1780ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 39 மில்லி ஆம்பியர் கிடைக்கும். விஎப் 14 உற்பத்தி 1950களின் பிற்பகுதியிலேயே நின்றுவிட்டது. எனவே மின்வழங்கி தவறாக நடந்து இந்த வால்வு எரிந்துபோனால், அசல் வால்வு கிடைப்பது அரிது!

முனகலே துப்பு

இத்தகைய மைக் முனகத் தொடங்கினால் பலரும் முதலில் வால்வைச் சந்தேகிப்பார்கள். அதற்கு முன் முனகலைக் கவனித்துக் கேட்க வேண்டும். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்றுகள் கொண்டது. அதை நேர்மின்சாரமாக்கும் முழு அலைதிருத்தி, சுற்றின் இரு பாதிகளையும் ஒரே திசைக்குத் திருப்புவதால் வினாடிக்கு 100 துடிப்புகள் எழுகின்றன. இத்துடிப்புகளைச் சமன் செய்வது வடிகட்டும் மின்தேக்கிகளின் வேலை. அவற்றினுள் இருக்கும் ஈரப் பொருள் ஆண்டுக்கணக்கில் வெப்பத்தால் உலர்ந்துபோகும். அப்போது 100 துடிப்பு முனகலாகக் கேட்கும். முனகல் இன்னும் தாழ்ந்த சுருதியில், 50 துடிப்பாக இருந்தால் அலைதிருத்தியின் ஒரு பாதி செயலிழந்திருக்கலாம்; அல்லது கம்பியின் காப்புறை அறுந்திருக்கலாம்.

முனகாமல் படபடவென்று பொரிந்தால்? மைக்கினுள் பல கோடி ஓம் மதிப்புள்ள மின்தடைகள் உள்ளன. கடலூரைப் போன்ற கடற்கரை ஊர்களின் ஈரமும் உப்பும் படிந்தால், மின்சாரம் அவற்றைச் சுற்றிக் கள்ள வழியில் கசியும். இணைப்பு முனைகளிலும் பாசி போல் களிம்பு ஏறும்.

பொய் சொல்லும் மானி

இனி அழுத்தத்தை அளக்க வேண்டும். மைக்கைக் கழற்றிவிட்டு அளந்தால் 105 வோல்ட்டுக்கு மேல் காட்டும். மின்வழங்கி பழுது என்று முடிவு செய்யலாமா? கூடாது. வடிகட்டியில் உள்ள மின்தடை 1000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 40 மில்லி ஆம்பியர் ஓடும்போது அதில் 40 வோல்ட் குறையும். மைக் இல்லையேல் மின்னோட்டமும் இல்லை. அந்த 40 வோல்ட் குறையவும் குறையாது. ஆகவே மைக்குக்குப் பதிலாக அதே அளவு மின்னோட்டத்தை இழுக்கும் மின்தடையைப் பொருத்தி அளக்க வேண்டும். 105ஐ 0.04ஆல் வகுத்தால் சுமார் 2600 ஓம். அதில் 4 வாட்டுக்கு மேல் வெப்பம் எழும் என்பதால் 10 வாட் தாங்கும் மின்தடையே பாதுகாப்பானது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இப்பெட்டிகள் 220 வோல்ட் மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டவை. நம் நாட்டிலோ 230 வோல்ட். அந்த விகிதத்தில் 105 வோல்ட், 110 ஆகிவிடும். அரிய வால்வுக்கு இது நல்லதல்ல. எனவே சுமையோடு அளந்து, சரியாக 105 வரும்படி திருத்திய பிறகே மைக்கை மாட்டுவார்கள்.

ஓர் எச்சரிக்கை. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். இத்தகைய பெட்டியை நீங்கள் திறக்கவே வேண்டாம். அது பயிற்சி பெற்றவர் வேலை.

ஆனால் இதே உண்மையை நீங்கள் அச்சமின்றிச் சோதிக்கலாம். பழைய டார்ச் செல் ஒன்றை மானியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதனோடு சிறு பல்பை இணைத்து, எரியும்போதே மீண்டும் அளந்து பாருங்கள். புதிய செல்லிலும் இதைச் செய்யுங்கள். எந்தச் செல்லில் அழுத்தம் அதிகம் இறங்குகிறது? ஏன்? விடை உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது.