படுக்கையருகில் எந்தப் படம் பார்க்கலாம்?

நோயாளியின் படுக்கையருகே கைப்பேசியில் திரைப்படம் ஓடுவது இன்று வழக்கமாகிவிட்டது. எதைப் பார்க்கலாம் என்பது குறித்து எமது தனிப்பட்ட கருத்துகள் சில.

தணிக்கைச் சான்றிதழ் பார்ப்பவரின் வயதையே கருதுகிறது. 2024 முதல் 'யுஏ' பிரிவும் 7, 13, 16 என வயது குறித்தே வழங்கப்படுகிறது. பார்ப்பவரின் உடல்நிலையை அது அறியாது. உடனிருக்கும் நீங்கள்தாம் அறிவீர்கள்.

மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002), இராமேசுவரம் அகதி முகாமில் பிறந்து சென்னையில் வளரும் சிறுமி, தன்னைப் பெற்றவளைத் தேடிச் செல்லும் கதை. குடும்பத்தோடு பார்க்கத்தக்க நல்ல படம். ஆயினும் குண்டோசையை நேரில் கேட்டுக் கடல் கடந்து மண்டபம் வந்த முதியோர்க்கு, அதன் போர்க்காட்சிகள் பழைய இரவுகளை நினைவூட்டக்கூடும். அவர்களைக் கேளாமல் போடவேண்டா.

சீனு ராமசாமியின் 'நீர்ப்பறவை' (2012), குடியில் சிக்கிய மீனவ இளைஞன் சிகிச்சை பெற்று மீள்வதைக் காட்டுகிறது. குடியை விட முயல்வோர்க்கு அம்மீட்சி நம்பிக்கை தரும். குடிக்கும் காட்சிகளோ சிலரது மனத்தை அலைக்கழிக்கும். கடலில் நேரும் துப்பாக்கிச் சூடும் படத்தில் உண்டு. கணவரோ மகனோ கடலுக்குச் சென்றிருக்கும் இரவில் இப்படத்தைத் தவிர்த்தல் நன்று.

நகைச்சுவைப் படம் யாவர்க்கும் ஏற்றதெனத் தோன்றும். வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்க்கோ சிரிப்பும் வலிக்கும். தலையணையொன்றைத் தையல்மீது மெல்ல அணைத்துக்கொண்டால் வலி குறையும்.

நோயாளி முகத்தைத் திருப்பிக்கொண்டால் படத்தை நிறுத்திவிடுங்கள். முடிவை மற்றொரு நாள், வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.