எச்சரிக்கை விளக்கு எரியாத எஞ்சின் பழுது

கடன் பெற்று ஆசையுடன் வாங்கிய கார், சில ஆண்டுகளில் மேடேறும்போது திணறுகிறது. பெட்ரோல் செலவும் கூடுகிறது. பணிமனையில் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தால் பழுதுக் குறியீடு எதுவும் இல்லை. இந்நிலையில் ஊகத்தின் பேரில் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினால் இழப்பு நமக்கே. வழக்கமான மோட்டார் காப்பீடு தேய்மானத்தையும் இயந்திரப் பழுதையும் ஏற்பதில்லை என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

குறியீடு ஏன் தோன்றுவதில்லை?

எஞ்சினை இயக்கும் கணினி, சென்சார்கள் தெரிவிப்பதை மட்டுமே அறியும். அளவுகள் குறித்த எல்லையைக் கடந்தால்தான் குறியீடு பதிவாகும். அதுவரை கணினியே குறையை ஈடுசெய்கிறது. பெட்ரோல் போதாதபோது கூடுதலாகச் செலுத்துகிறது. அதனால் பழுது மறைந்தே இருக்கிறது. பல கார்களில் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே கிடையாது.

எவ்வரிசையில் ஆராய்வது?

முதலில் செலவில்லாதவை. தொல்லை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பின்னரா, ஏ.சி. இயங்கும்போதா என்று குறித்து வைத்து மெக்கானிக்கிடம் கூறுவோம். அடுத்து ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பேட்டரி முனைகள், விரிசல் கண்ட ரப்பர் குழாய்கள் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லலாம்.

பின்னர் ஸ்கேனரிலேயே, எஞ்சின் ஓடும்போது 'ஃபியூயல் டிரிம்' அளவைக் காணலாம். கணினி எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதை அது காட்டும். பொதுவாக இது 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். வண்டி நின்று ஓடும்போது மட்டும் மிகுந்து, வேகம் கூட்டினால் குறைந்தால், எங்கோ காற்று கசிந்து நுழைகிறது எனலாம். மாறாக, வேகம் கூடும்போது மிகுந்தால் பெட்ரோல் பம்ப்பையோ ஃபில்டரையோ ஐயுறலாம். இறுதியாக, பெட்ரோல் அழுத்தத்தையும் சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் மானி கொண்டு அளந்தால் ஐயம் தீரும்.

பழைய கார் வாங்குவோருக்கு

குறியீடு இல்லை என்பது, அண்மையில் அழிக்கப்பட்டது என்பதாகவும் இருக்கலாம். ஸ்கேனரில் 'ரெடினெஸ்' என்னும் பகுதியைக் காட்டச் சொல்லுங்கள். சோதனைகள் பல நிறைவுறாமல் இருந்தால், குறியீடு அழிக்கப்பட்டோ பேட்டரி கழற்றப்பட்டோ இருக்க வாய்ப்புண்டு. சில நாள் ஓட்டிய பின் மீண்டும் சோதித்து, அதன் பிறகே முன்பணம் தருவது நலம்.

எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும், எந்த அளவீட்டின் அடிப்படையில் என்று கேட்போம். அந்த அளவு மதிப்பீட்டுச் சீட்டில் எழுதப்பட்ட பின்னரே ஒப்புதல் அளிப்போம்.