ஹோய் ஆன்: ஆற்றங்கரையில் ஒரு மஞ்சள் நகரம்

வெளிநாட்டுப் பயணம் என்றதும் நம் தோட்டப்புறத்தாருக்கு இரண்டு இடங்கள்தாம் நினைவுக்கு வரும். ஒன்று தமிழ்நாடு. பழனி, மதுரை என்று வேண்டுதலை முடித்துவிட்டு, பெட்டி நிறையச் சேலைகளோடு திரும்பலாம். மற்றொன்று ஹாட்யாய். பேருந்தில் ஏறினால் விடிவதற்குள் போய்விடலாம். இவ்விரண்டையும் விட்டால், வெளிநாடு என்பது வசதி உள்ளவர்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடுகிறோம். வியட்நாமில் உள்ள ஹோய் ஆன் என்னும் பழைய ஊருக்கு, 2025 ஜூன் பள்ளி விடுமுறையில் என் தாயாரை அழைத்துக்கொண்டு நான்கு நாள் போய் வந்தேன். கூட்டுப் பணம் எடுத்த கையோடு புறப்பட்ட பயணம் அது. நம்மைப் போன்றவர்களும் போய் வரக்கூடிய ஊர்தான் என்பதால் எழுதுகிறேன்.

கோலாலம்பூரிலிருந்து தா நாங் நகருக்கு விமானத்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு முப்பது நாள் வரை விசா தேவையில்லை. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும். அங்கிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டர் சாலையில் போனால் ஹோய் ஆன். நாங்கள் போனபோது அது தனி நகரம். அதே ஆண்டு ஜூலை முதல் நாள், மாநிலங்களை ஒன்று சேர்த்தபோது அதையும் தா நாங்கோடு இணைத்துவிட்டார்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது மஞ்சள் நிறம். அரைத்த மஞ்சளைக் குழைத்துப் பூசியதுபோல் வீட்டுக்கு வீடு மஞ்சள் சுவர். வெயிலிலும் மழையிலும் அது ஓரிடத்தில் வெளுத்து, ஓரிடத்தில் கறுத்து, பாசி படர்ந்து நிற்கிறது. மேலே பழைய ஓடு, வாசலில் காகிதப்பூக் கொடி, தெருவின் குறுக்கே பட்டுத் துணியும் மூங்கிலும் கொண்டு செய்த கூண்டு விளக்குகள். பகலில் குறிப்பிட்ட நேரங்களில் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் மட்டுமே. முழங்கால் வலிக்காரரான என் தாயார், அவசரமே இல்லாமல் நடக்க இப்படியும் ஓர் ஊரா என்று வியந்தார். பத்தடிக்கு ஒரு திண்ணையில் உட்கார்ந்தார். யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை.

பதினைந்தாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இது பெரிய துறைமுகம். சீனர், ஜப்பானியர், போர்த்துகீசியர், டச்சுக்காரர் எல்லோரும் பட்டுக்கும் பீங்கானுக்கும் இங்கே வந்து கூடினார்கள். ஜப்பானியருக்குத் தனிக் குடியிருப்பே இருந்தது. 1630களில் ஜப்பானிய அரசு தன் மக்கள் கடல் கடக்கக்கூடாது என்று கதவடைத்த பிறகு அது தேய்ந்து போயிற்று. அவர்கள் பெயரால் மிஞ்சியது கூரை போட்ட ஒரு மரப்பாலம். 1593 வாக்கில் கட்டத் தொடங்கியது என்கிறார்கள். வியட்நாமின் இருபதாயிரம் டோங் நோட்டில் இந்தப் பாலத்தின் படம்தான் இருக்கிறது. இருபதாயிரம் என்றதும் மலைத்துவிட வேண்டாம், நம் பணத்தில் மூன்று வெள்ளிச் சொச்சம்தான்.

பாலத்தின் ஒரு முனையில் குரங்குச் சிலைகள், மறு முனையில் நாய்ச் சிலைகள். நடுவில் ஒரு சிறு சன்னதி. இதற்கு ஒரு கதை உண்டு. பூமிக்கடியில் ஒரு பூதம் படுத்திருக்கிறதாம். அதன் தலை இந்தியாவில், முதுகு வியட்நாமில், வால் ஜப்பானில். அது அசைந்தால் நிலநடுக்கம். அதன் முதுகில் அடித்த ஆணிதான் இந்தப் பாலம்! 2022இல் தொடங்கிய பழுதுபார்ப்பு முடிந்து 2024 ஆகஸ்டில் பாலத்தைத் திறந்தபோது, பழைய களை போய்ப் புதுப்பொலிவு வந்துவிட்டது என்று உள்ளூரிலேயே பலர் குறைப்பட்டார்கள். அந்தக் குறை எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. நான்கு மழைக்காலம் போனால் வண்ணம் தானாக மங்கிவிடும். உளுத்த மரம் தானாகக் கெட்டிப்படாது.

பழைய நகரின் சில வீடுகளையும் மண்டபங்களையும் உள்ளே சென்று பார்க்க வெளிநாட்டாருக்கு நுழைவுச்சீட்டு 120,000 டோங், அதாவது சுமார் இருபது வெள்ளி. நாங்கள் முதலில் போனது ஃபூஜியான் சீனர்களின் சங்க மண்டபத்துக்கு. அங்கே இருப்பவள் கடலோடிகளைக் காக்கும் மாசூ அன்னை. நம் நாட்டுச் சீனர் கோயில்களிலும் இருப்பவள்தான். கூரையிலிருந்து சுருள் சுருளாகத் தொங்கும் ஊதுவத்திகளைக் கண்டதும், தாயார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். ஹைனான் மண்டபத்தின் கதை வேறு. 1851இல் ஹைனான் வணிகர் 108 பேரைக் கடற்கொள்ளைக்காரர்கள் என்று சொல்லி அரசின் கடற்படையினர் கொன்றுவிட்டார்கள். குற்றமற்றவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர்களை நினைத்து எழுப்பிய மண்டபம் அது. பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்தவர்கள் என்று நான் சொன்னதும், தாயார் அங்கே சற்று அதிக நேரம் நின்றார்.

என்னைக் கட்டிப்போட்டது தான் கி என்னும் பழைய வணிகர் வீடு. இரு நூற்றாண்டைத் தாண்டியது, ஏழு தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் ஆற்றைப் பார்த்த தெருவில். நடுவே வானம் தெரியும் முற்றம். நிலைப்படிக்கு மேலே மரத்தில் செதுக்கிய இரண்டு வட்டங்கள் உண்டு. அவற்றைக் கதவின் கண்கள் என்கிறார்கள், தீயது நுழையாமல் பார்த்துக்கொள்ளுமாம். நாம் வாசலில் பூசணிக்காயில் முகம் எழுதிக் கட்டுகிறோமே, அதற்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த வீட்டுச் சுவரில் தூ போன் ஆற்று வெள்ளம் ஏறிய உயரத்தை ஆண்டு போட்டுக் குறித்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே 1964. அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். மாடித் தரையில் ஒரு திறப்பு இருக்கிறது. வெள்ளம் வருகிறதென்றால் கீழே உள்ள சாமான்களைக் கயிறு கட்டி அதன் வழியாக மேலே ஏற்றிவிடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் கழுவிவிட்டு, மறுபடி இறக்கி வைத்துக் கடையைத் திறப்பார்கள். இதை ஒரு பெரிய துன்பமாகவே அவர்கள் சொல்லவில்லை. நாம் லயத்து ஒழுகலுக்கு வாளி வைத்தோமே, அதைப்போலச் சொல்கிறார்கள்.

இவ்வளவு பழைய ஊர் எப்படித் தப்பியது? அதற்குக் காரணம் யாருடைய புத்திசாலித்தனமும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆற்று முகத்துவாரம் மண் மேவித் தூர்ந்தது. பெரிய கப்பல்கள் தா நாங்குக்குப் போய்விட்டன. ஹோய் ஆனில் பணப்புழக்கம் வற்றியது. பழைய வீட்டை இடித்துப் புது மாளிகை எழுப்ப எவரிடமும் பணம் இல்லை. போரிலும் பெரும் அழிவுக்குத் தப்பியது. இப்படியே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரச்சட்டக் கட்டடங்கள் நின்றுவிட்டன. பிறகு 1980களில், போலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் காசிமிர் குவியாட்கோவ்ஸ்கி இந்த ஊரின் அருமையை எடுத்துச் சொல்லிப் பாதுகாக்க உழைத்தார். 1997இல் ஹூவே நகரில் வேலையில் இருந்தபோதே இறந்தார். ஹோய் ஆனில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். 1999இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இதைக் கேட்டபோது நான் பிறந்த தோட்டம்தான் கண்முன் வந்தது. ஹோய் ஆன் நிலத்துக்கு மதிப்பு இறங்கியது, ஊர் பிழைத்தது. எங்கள் தோட்டத்து நிலத்துக்கு மதிப்பு ஏறியது. பால்மரம் போயிற்று, லயம் போயிற்று, பெரட்டுக் களம் போயிற்று, ஆயாக் கொட்டகை போயிற்று. கோயிலும் பள்ளியும் இடம் மாறின. நான் இப்போது வேலை செய்யும் பள்ளியின் பெயர்ப் பலகையில் ‘லாடாங்’ என்ற சொல் இருக்கிறது. தோட்டம் எங்கே என்று பிள்ளைகள் கேட்டால், அடுக்குமாடி வீடுகளைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

“ஒரே ஒரு லயத்தையாச்சும் விட்டு வெச்சிருந்தா, பேரப்பிள்ளைங்களுக்குக் காட்டியிருக்கலாம். அதுல என்னா பெரிய எடம் போயிருக்கும்?” என்றார் தாயார். முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர் அவர். அந்த வீட்டின் தேய்ந்த மரத் தூணைத் தடவிக்கொண்டே சொன்னார். லயம் என்ன, பட்டு வணிகர் மாளிகையா என்று சிலர் கேட்கலாம். மாளிகையை மட்டும்தான் காப்பாற்ற வேண்டும் என்று யார் சொன்னது? தோட்டம் இன்னும் இருக்கிற வாசகர்கள், பழைய பால் வாளி, வெட்டுக் கத்தி, சம்பளச் சீட்டு எதுவானாலும் எறிந்துவிடாமல் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியில் ஒப்படைத்தால் நல்லது. எங்கள் பள்ளியில் ஓர் அலமாரி அளவுக்குச் சேர்த்திருக்கிறோம்.

ஆசிரியர் புத்தி போகாது அல்லவா? கடைப் பலகைகளில் வியட்நாமிய மொழி ரோமன் எழுத்தில் இருப்பதைக் கவனித்தேன். இதற்கும் இந்த வட்டாரத்துக்கும் தொடர்பு உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் ஹோய் ஆன் பக்கம் வந்த ஏசு சபைப் பாதிரியார்கள், அவர்களில் முக்கியமாகப் பிரான்சிஸ்கோ டி பினா, இம்மொழியை ரோமன் எழுத்தில் எழுத வழி செய்தார்கள். அலெக்சாண்டர் டி ரோட்ஸ் 1651இல் ரோமில் அகராதியே அச்சிட்டார். தமிழையும் முதலில், 1554இல், லிஸ்பனில் ரோமன் எழுத்தில்தான் அச்சேற்றினார்கள். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்திலேயே வந்தது. நம் எழுத்து நம்மோடு தங்கிவிட்டது.

மூன்றாம் நாள் மீ சோன் போனோம். ஹோய் ஆனிலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு. சம்பா நாட்டு அரசன் பத்ரவர்மன் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பத்ரேசுவரர் என்ற பெயரில் சிவனுக்குக் கோயில் எடுத்த இடம். பிற்கால அரசர்களும் செங்கல் கோயில்களாகக் கட்டிக்கொண்டே போனார்கள். செங்கல்லுக்கு நடுவே சாந்து இருப்பதே தெரியவில்லை. 1969 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டுப் பெரும் பகுதியைத் தரைமட்டமாக்கின. குண்டு விழுந்த குழிகளில் இன்று புல் முளைத்திருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறை இங்கே சீரமைப்புப் பணி செய்தபோது, 2020இல் ஒரே கல்லில் செதுக்கிய ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவலிங்கம் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. பூசை இல்லை, மணி இல்லை. தாயார் கைப்பையில் வைத்திருந்த திருநீற்றை எடுத்துத் தாமும் பூசிக்கொண்டு எனக்கும் பூசிவிட்டார்.

சாப்பாடு பற்றிச் சொல்லாவிட்டால் பெண்கள் கோபித்துக்கொள்வார்கள். காவ் லாவ் என்னும் தடித்த மீ இந்த ஊருக்கே உரியது. சாம் மக்கள் காலத்துப் பழங்கிணற்று நீரையும் மரச் சாம்பலையும் சேர்த்து மாவைப் பக்குவம் செய்வது பழைய முறை. ஆனால் மேலே பன்றி இறைச்சி போடுவார்கள். மாட்டிறைச்சியும் பல உணவுகளில் உண்டு. பலகையில் ‘சாய்’ என்று எழுதியிருந்தால் சைவம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அங்குள்ள பௌத்தர்கள் பலர் சைவம்தான். மாதந்தோறும் பௌர்ணமிக்கு முந்திய இரவு, பழைய நகரில் மின் விளக்குகளை அணைத்துக் கூண்டு விளக்குகளை மட்டும் ஏற்றுவார்களாம். எங்களுக்கு அந்த நாள் அமையவில்லை. சாதாரண இரவிலேயே ஆற்றில் மிதக்கும் மெழுகுவத்தி விளக்குகள் கண்ணை நிறைத்தன.

தாயாருக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது ட்ரா குவே காய்கறிக் கிராமம். ஆற்றுப் பாசியை உரமாகப் போட்டுக் கீரை வளர்க்கிறார்கள். தோளில் கம்பு வைத்து, இரு பக்கமும் பூவாளியைத் தொங்கவிட்டு, ஒரே நடையில் இரண்டு பாத்திக்கும் நீர் தெளிக்கிறார்கள். நம்மவர்கள் காண்டா போட்டுப் பால் சுமந்த அதே நடை. தாயார் ஒரு மூதாட்டியிடம் கம்பை வாங்கித் தாமும் தோளில் வைத்து நான்கு எட்டு நடந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. மூதாட்டி சிரித்துக் கையைத் தட்டினார். மொழி எதற்கு?

அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் பெருவெள்ளம் வந்து ஹோய் ஆன் பழைய நகரம் முழுவதும் மூழ்கியது. தெருக்களில் படகு போவதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். நாங்கள் உட்கார்ந்த திண்ணைகளே தெரியவில்லை. தண்ணீர் வடிந்ததும் சேற்றை வாரிக் கழுவிவிட்டுக் கடைகளைத் திறந்தார்கள். போக நினைப்பவர்கள் செப்டம்பர் கடைசி முதல் டிசம்பர் வரை தவிர்த்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்ல பருவம். சீட்டை முன்கூட்டியே எடுத்தால் மலிவு. நாங்கள் இருவருமாக விமானம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து நானூறு வெள்ளிக்குள் முடித்துக்கொண்டோம். அதில் தாயார் பேரம் பேசி வாங்கிய மூன்று கூண்டு விளக்குகளும் அடக்கம்.