பண்பாட்டு நிலையமும் நிலமற்றோர் இலக்கியமும்: லத்தீன் அமெரிக்க அனுபவமும் ஊவாவும்

1869 ஆம் ஆண்டில் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறப் பூஞ்சணமொன்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பிப் பொருளாதாரம் அழிந்தொழிந்து, அந்த மலைச்சரிவுகளைத் தேயிலை மூடிக்கொண்டது. ஏறத்தாழ அதே காலத்தில், பூகோளத்தின் மறுபுறத்திலுள்ள குவாத்தமாலாவில் 1871 இல் ஆட்சியைக் கைப்பற்றிய தாராளவாதிகள் கோப்பிச் செய்கையை அரச கொள்கையாக்கினர். மாயா சமூகத்தவரின் பொதுநிலங்கள் பறிபோயின. 1877 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் அவர்களை முற்பணக் கடனாலே தோட்டத்துடன் பிணைத்தது. பதுளைத் தோட்டங்களிலே பெரிய கங்காணியின் முற்பணமும் ‘துண்டு’ முறையும் ஆற்றிய பணியை அங்கே அச்சட்டம் ஆற்றியது. லத்தீன் அமெரிக்க இலக்கியம் பற்றிய பேச்சுக்குத் தமிழாராய்ச்சிச் சஞ்சிகையில் என்ன இடம் என வினவும் நண்பர்களுக்கு இவ்வொப்புமையே போதிய விடையாகும்.

மலையக மக்களின் வரலாறும் இலக்கியமும் பண்பாட்டு நிலையங்களின் பொருளாகிவரும் காலமிது. கம்பளையை அடுத்த பழைய பீக்கொக் தோட்டத்தில், லயன் அறைகளையே காட்சிக்கூடமாகக் கொண்டு, 2007 இல் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் தோற்றம் பெற்றது. வருகையின் இருநூறாண்டு நினைவாக 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் மேற்கொள்ளப்பட்டது. ஊவாவைப் பொறுத்தவரை, மகியங்கனைக்கு அண்மையிலுள்ள தம்பானையில் வேடர் மரபுக்கென ஓர் அருங்காட்சியகம் உண்டு. இம்முயற்சிகள் வரவேற்கத்தக்கவை என்பதில் ஐயமில்லை. ஆயின் இத்தகைய நிலையங்கள் எதனை, எவ்வடிப்படையில் கற்பிக்க வேண்டும் என்னும் வினா நம்மிடையே போதியளவு ஆராயப்படவில்லை. ஸ்பானிய மொழிப் பிரதேசம் இவ்வினாவுடன் பல தசாப்தங்களாகப் போராடி வந்துள்ளது.

பெரு நாட்டு மார்க்சியரான ஹொசே கார்லோஸ் மரியாத்தேகி 1928 இல் வெளியிட்ட ஏழு கட்டுரைகள் அடங்கிய நூலிலே, பழங்குடி மக்களின் பிரச்சினையைக் கல்விப் பிரச்சினையாகவோ இனப் பிரச்சினையாகவோ ஒழுக்கப் பிரச்சினையாகவோ நோக்குவோரை மறுத்து, அதன் வேர் நிலவுடைமையிலே உள்ளதென நிறுவினார். (கொலம்பசின் தவற்றினால் அம்மக்கள் ‘இந்தியர்’ ஆயினர், நம்மவரோ அரச ஆவணங்களிலே ‘இந்தியத் தமிழர்’ ஆயினர். பெயரிடும் உரிமை ஆள்வோரிடமே இருந்துள்ளது.) இலக்கியம் பற்றிய அத்தியாயத்திலே அவர் மற்றுமொரு வேறுபாட்டைச் சுட்டினார். பழங்குடியினரைப் பற்றிக் கலப்பினப் படிப்பாளிகள் எழுதுவது ஒன்று. பழங்குடியினர் தாமே படைப்பது பிறிதொன்று. முன்னையதை அவர் இகழவில்லை. அதனைப் பின்னையதாகக் கொள்ளும் மயக்கத்தையே கண்டித்தார்.

இவ்வேறுபாட்டின் இரு கரைகளுக்குமிடையே வாழ்ந்தவர் ஹொசே மரியா ஆர்கேதாஸ். சிறுபராயத்திலே கெச்சுவா மொழி பேசும் பணியாளரிடையே வளர்ந்த அவர், 1938 இலேயே கெச்சுவாப் பாடல்களை ஸ்பானிய மொழிக்குக் கொணர்ந்தார். 1963 இல் பெருவின் பண்பாட்டு இல்லத்திற்குப் பணிப்பாளரானார். நாட்டார் பாடலைக் காட்சிப் பொருளாக்காமல், வாழும் மொழியின் ஆக்கமாகவே அவர் மதித்தார். அரச நிறுவனமொன்றினுள் நின்று அதனைச் செய்வது எளிதன்று. அடுத்த ஆண்டே அப்பதவியிலிருந்து அவர் நீங்கினார்.

1959 இல் ஹவானாவில் நிறுவப்பட்ட அமெரிக்காக்களின் இல்லம் இன்னொரு படி முன்சென்றது. நாவல், கவிதை ஆகியவற்றுக்கு வழங்கிவந்த பரிசினை 1970 முதல் ‘சான்றுரை’ என்னும் வகைக்கும் வழங்கியது. எழுத்தறியாத ஒருவர் தம் வாழ்வைச் சொல்ல, மற்றொருவர் பதிவுசெய்யும் உரையும் இலக்கியமே என்னும் ஏற்பு இது. குவாத்தமாலாவின் மாயாப் பெண்ணான ரிகொபெர்த்தா மென்சூவின் சான்றுரை இவ்வகையிற் பரிசு பெற்று, 1983 இல் நூலாயிற்று. கோப்பித் தோட்டத்துச் சிறுவர் உழைப்பு அதிலே விரிவாகப் பேசப்படுகின்றது. 1999 இல் அமெரிக்க மானிடவியலாளர் ஒருவர் அவ்வுரையின் சில விவரங்களை மறுத்தெழுதியதால் பெரும் விவாதம் மூண்டது. சொன்னவர் யார், பதிவுசெய்தவர் யார், திருத்திய கை எது என்பவற்றைச் சான்றுரையுடன் சேர்த்தே பேணவேண்டும் என்பது அவ்விவாதத்திலிருந்து நாம் பெறக்கூடிய முறையியற் பாடம்.

இனி ஊவாவுக்கு வருவோம். வெல்லச கிளர்ச்சி 1818 இல் நசுக்கப்பட்டபோது, வயல்களும் குளங்களும் கால்நடைகளும் அழிக்கப்பட்டன. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டு நிலமும் தரிசு நிலமும் முடிக்குரியனவெனக் கொண்டது. சிங்கள விவசாயியின் சேனையும் வேடரின் காடும் இவ்வாறே சட்டத்தின் கண்ணில் வெறுநிலமாயின. அந்நிலம் தோட்டமானபோது அதிலே உழைக்கத் தமிழகத்து நிலமற்ற சாதியினர் கொண்டுவரப்பட்டனர். ஆக, ‘ஆதிக்குடி’ என ஒருவரையும் ‘வந்தேறி’ என மற்றவரையும் எதிரெதிரே நிறுத்தும் வரலாற்றெழுத்து, ஒரே உடைமைப் பறிப்பின் இரு கட்டங்களை மறைத்துவிடுகின்றது. அரசு மாறியபின்னரும் இப்போக்கு நின்றுவிடவில்லை. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றோராக்கியது. 1983 இல் மதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமானபோது வேடர் தம் வேட்டைக் காட்டை இழந்தனர்.

பதிவின் அரசியலையும் இங்கு நோக்குதல் தகும். செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலிலே, ஒலிப்பதிவுக் கருவியிற் பிடிக்கப்பட்ட வேடர் பாடல்களின் இசைப் பகுப்பாய்வு இடம்பெற்றது. அழிந்துபோகும் ‘தூய’ தொல்குடி என்ற கருத்தே அவ்வார்வத்தின் பின்னிருந்தது. மலைக்கு மேலே கொழுந்து பறித்த பெண்ணின் பாடலுக்கோ அத்தகைய ஆய்வாளர் எவரும் வரவில்லை. செக்றோலில் அவளது பெயர் பதிவானதே போதுமெனக் கருதப்பட்டது.

அப்பணியைச் செய்தவர்கள் பின்னர் அம்மக்களிடையிலிருந்தே தோன்றினர். தொழிற்சங்கவாதியும் கவிஞருமான சி. வி. வேலுப்பிள்ளை தாம் திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களை 1983 இல் நூலாக்கினார். சாரல்நாடன் மலையக வாய்மொழி இலக்கியத்தைத் தனி ஆய்வுப் பொருளாக்கினார். தமிழகத்தில் நா. வானமாமலை நாட்டார் பாடல்களைச் சமூக வரலாற்றுச் சான்றாக ஆராய்ந்தமை இவ்வழிக்கு வலுவூட்டியது. ஆயினும் அச்சேறிய பாடலில் ஓர் இழப்பு தவிர்க்கவியலாதது. பிரட்டுக்களம், கவ்வாத்து மலை, பிள்ளைக் காம்பரா என ஒவ்வொரு பாடலுக்கும் அது பிறந்த உழைப்புக் களம் உண்டு. தாலாட்டு, கும்மி, ஒப்பாரி என்னும் தலைப்புகளின்கீழ் அடுக்கும்போது அக்களம் மறைந்து, கங்காணியை ஏசும் வரியும் நிலாவைப் பாடும் வரியும் ஒரே தரத்தனவாகிவிடுகின்றன. பண்பாட்டு நிலையமொன்று நூலால் இயலாததைச் செய்யமுடியும். பாடியவரையே அழைத்து, எந்த வேலையின்போது, யார் கேட்க, யாருக்குக் கேளாமற் பாடினார் என்பதையும் பதிவுசெய்வதே அது.

எழுத்திலக்கியத்திற்கும் மரியாத்தேகியின் அளவுகோல் பொருந்தும். ஊவாவிற் பிறந்து, 1974 இல் ‘காலங்கள் சாவதில்லை’ நாவலைத் தந்து, 2022 இல் மறைந்த தெளிவத்தை ஜோசப் முதலானோரின் ஆக்கங்களைத் தோட்டத்துப் படித்த நடுத்தட்டினரின் பார்வை எனவும் வாசிக்கவேண்டும். இது அவற்றின் மதிப்பைக் குறைப்பதாகாது. ஆசிரியரின், கணக்கப்பிள்ளையின் முற்றத்திலிருந்து லயன் எவ்வாறு தெரிந்தது என்பதை அவை நேர்மையாகக் காட்டுகின்றன. லயனிலிருந்து அம்முற்றம் தெரிந்தவிதம் சான்றுரையிலேயே கிட்டும். 1940 இல் பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் தமக்கெனச் சபையொன்றைத் தெரிவுசெய்தனர். துரை அச்சபையைக் கலந்தே நிர்வாகம் நடத்த இசையவேண்டியதாயிற்று. இடதுசாரித் தலைவர்களின் எழுத்துகளில் இது இடம்பெறுகின்றது. அச்சபையில் அமர்ந்தோரின் பேரப்பிள்ளைகளிடம் எஞ்சியுள்ள நினைவுகளைத் திரட்டுவது பதுளையில் அமையும் எந்நிலையத்துக்கும் முதற்பணியாக வேண்டும்.

காமன் கூத்தை எடுத்துக்கொண்டால் நிலத்தின் பிரச்சினை இன்னும் வெளிப்படையாகின்றது. மாசியில் தொடங்கும் அக்கூத்து மேடைக்குரியதன்று. தோட்டந்தோறும் அதற்கெனக் காமன் பொட்டல் உண்டு. மேடையில் அரைமணி நேரம் ஆடிக்காட்டப்படும் கூத்தில், ஊரே இரவிரவாக விழித்திருந்து மன்மதனின் எரிப்பிற்கு அழும் பங்கேற்பு இல்லை. அப்பொட்டலோ தொழிலாளருக்குச் சொந்தமன்று, லயனும் அவ்வாறே. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும், பெயர்ந்து செல்ல அங்கிருந்தோருக்குச் சொந்த நிலம் இருக்கவில்லை. வீட்டுப் பொருள்களும் பிறப்புச் சான்றிதழ்களும் புகைப்படங்களும் மக்களோடு மண்ணுள் புதைந்தன. உயிர் தப்பியோர் பின்னர் வேறிடத்திற் குடியேற்றப்பட்டனர். பதுளை மாவட்டத்துத் தோட்டங்களின் லயன்களையும் பொட்டல்களையும் கோயில்களையும் அவற்றின் பெயர்களோடு வரைபடமாக்குவதை, பாடற் சேகரிப்பின் ஒரு கூறாகவே இவ்வாண்டிலேனும் தொடங்கலாம். அவ்வரைபடத்திற்கு மகியங்கனைப் பக்கத்து வேடரின் பழைய வேட்டைத் தடங்களும், வெல்லச விவசாயியின் கைவிடப்பட்ட குளங்களும் உரியனவே.