செக்கோவின் ‘பந்தயம்’: செல்வம், தனிமை, ஞானம் பற்றி டிக்கோயாவிலிருந்து ஒரு நோக்கு

உலகச் சிறுகதை மரபில் பரவலாக வாசிக்கப்பட்ட படைப்புகளுள் அன்ரன் செக்கோவின் ‘பந்தயம்’ ஒன்றாகும். 1889ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ருஷ்ய நாளிதழொன்றில் வெளிவந்த இக்கதை, செல்வத்தின் நிலையாமையை உணர்த்தும் நீதிக்கதையாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகின்றது. நிலையாமை பேசும் அறநூல் மரபில் ஊறிய நமக்கு அவ்வாறு கொள்வது எளிது. ஆயினும் செல்வமும் தனிமையும் ஒருங்கே விளைந்த நிலமாகிய டிக்கோயாவில் நின்று இக்கதையை நோக்கும்போது, வேறு சில வினாக்கள் எழுகின்றன. அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரணதண்டனையா, ஆயுட்சிறையா கொடியது என்ற விவாதத்தில் கதை தொடங்குகின்றது. பதினைந்து ஆண்டுகள் தனிமைச் சிறையிருந்தால் இருபது இலட்சம் ரூபிள் தருவதாக வங்கியாளன் ஒருவன் பந்தயம் கட்ட, இருபத்தைந்து வயதுச் சட்டத்தரணி ஒருவன் அதனை ஏற்கின்றான். 1870 நவம்பர் 14 முதல் 1885 நவம்பர் 14 வரை அவன் வங்கியாளனின் தோட்டத்திலுள்ள சிறு மனையில் அடைபட்டிருக்க வேண்டும். மனிதக் குரலும் கடிதமும் செய்தித்தாளும் அவனுக்கில்லை; நூல்கள் கேட்டவாறு கிடைக்கும். காலம் முடியுந் தறுவாயில் வங்கியாளன் கடனாளியாகி, பணத்தைக் காக்கக் கைதியைக் கொல்லத் துணிகின்றான். கைதியோ செல்வத்தையும் நூல்களையும் உலகப் பேறுகள் யாவற்றையும் இகழ்ந்து கடிதம் எழுதிவைத்து, குறித்த நேரத்துக்கு ஐந்து மணித்தியாலம் முன்னரே வெளியேறிப் பந்தயத்தைத் தானே துறக்கின்றான்.

முதலில் செல்வத்தை நோக்குவோம். கதை குறிக்கும் அதே பதினைந்து ஆண்டுகளில் இலங்கை மலைநாட்டில் நிகழ்ந்தவை கருதற்பாலன. டிக்கோயாக் காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பி பயிரிடப்பட்ட காலம் அது. ஆனால் 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியைப் படிப்படியாக அழித்தது. 1884 இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. செல்வந்தரெனப்பட்ட தோட்டக்காரர் பலர் கடனில் மூழ்க, கோப்பி நின்ற இடத்தைத் தேயிலை பிடித்தது. செக்கோவின் வங்கியாளன் பங்குச் சூதாட்டத்திலும் துணிகர முதலீட்டிலும் பொருளிழந்தவன். அவனது வீழ்ச்சியை ஒருவனது ஒழுக்கக் குறையாக மட்டும் கொள்ளாது, ஊக வணிகத்தில் எழுந்த செல்வத்தின் இயல்பாகக் காண்பதே பொருத்தமாகும். அத்தகைய செல்வம் தன்னைக் காத்துக்கொள்ளப் பிறருயிரை விலையாகக் கேட்கும். கோப்பி வீழ்ந்தபோது கூலி நிலுவையாகித் தொழிலாளர் அல்லலுற்றமை இதற்குச் சான்று.

அடுத்துத் தனிமை. கதையிலுள்ள கைதி தானே விரும்பிச் சிறைபுகுந்தவன். எந்த நாளும் வெளியேற உரிமையுடையவன். மலைநாட்டு லயங்களில் வாழ்ந்தோர்க்கு அவ்வுரிமை இருந்ததில்லை. துண்டு முறையின்கீழ், கடன் தீர்த்ததற்கான சீட்டின்றித் தொழிலாளி ஒருவர் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்லவியலாது. அம்முறை 1921 இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னரும் அத்துமீறல் சட்டம் வெளியாரைத் தோட்டத்துக்குள் நுழையவிடாது தடுத்தது. பந்தயக் கைதிக்கு நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 600 நூல்கள் வழங்கப்பட்டன. தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்குவதோ, 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் நிருவாகத்தின் பொறுப்பாக்கப்பட்ட பின்னரும், பெரும்பாலும் தொடக்க வகுப்புகளோடு நின்றது. ஆகவே தனிமை தானாக ஞானந் தருவதில்லை. கதையிலும் கைதியின் அறிவை வளர்த்தவை மொழிகளும் வரலாறும் மெய்யியலுமே. அதாவது, காலங்கடந்து வந்த மனித உறவே.

அவ்வாறாயின், நூல்களையும் இகழும் அக்கடிதத்தை ஞானத்தின் முடிபாகக் கொள்ளலாமா? கதையின் முதல் வடிவில் மூன்றாம் பகுதியொன்று இருந்தது. அதில் அந்தச் சட்டத்தரணி தன் துறவைக் கைவிட்டுப் பணங் கேட்டு வருகின்றான். பின்னர்த் தொகுப்புக்காகத் திருத்தியபோது செக்கோவ் அப்பகுதியை நீக்கினார். கைதியின் துறவு ஆசிரியருக்கே ஐயத்துக்குரியதாய் இருந்தமையை இது காட்டுகின்றது. செக்கோவின் வாழ்க்கை இன்னும் தெளிவான விடை தருகின்றது. கற்பனைக் கைதியைப் படைத்த மறு ஆண்டில், 1890 இல், அவர் சகலின் தண்டனைத் தீவுக்குச் சென்று உண்மைக் கைதிகளின் வாழ்வை நேரிற் கணக்கெடுத்தார். திரும்பும் வழியில் அவ்வாண்டு நவம்பரில் இலங்கையில் இறங்கிக் கண்டிவரை இரயிலில் சென்றார். மலைநாட்டு இருப்புப்பாதை அதற்கு ஆறாண்டுகள் முன்னரே ஹட்டனை எட்டியிருந்தது. நாடு திரும்பியபின் அவர் சகலின் பாடசாலைகளுக்கு நூல்கள் திரட்டி அனுப்பினார். நூல்களை இகழ்ந்த பாத்திரத்தைப் படைத்தவரே, சிறைத்தீவின் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியவை நூல்களே எனக் கண்டார்.

டிக்கோயாவை அடுத்த ஹட்டனில் நிகழ்ந்ததும் இத்தகையதே. கோ. நடேசையர் 1931 இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவி, இதழ்களாலும் நூல்களாலும் அவர்தம் உரிமையை எடுத்துரைத்தார். அவரது துணைவியார் மீனாட்சியம்மையார் எழுத்தறியாதோரும் அறியுமாறு பாடலாக இயற்றிப் பாடினார். 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியபோது மற்றொரு கதவு திறந்தது. மனிதக் குரல் எட்டாத சிறைக்குள் குரலையும் எழுத்தையும் கொண்டுசேர்த்த பணிகள் இவை.

இவற்றைத் தொகுத்து நோக்கின், ‘பந்தயம்’ நமக்குக் கற்பிப்பது இதுவெனலாம்: செல்வம் அதனை உடையவனையும் சிறைப்படுத்தும், தனிமை நூலோடு கூடினாலன்றி அறிவாகாது, அறிவும் மனிதரிடம் திரும்பினாலன்றி ஞானமாகாது. செல்வத்தைத் துறத்தல், அதனைப் பெறும் வாய்ப்புடையவனுக்கே இயலும். தேயிலையால் பிறரைச் செல்வராக்கியோரிடம் துறவைப் போதித்தல் அறமாகாது. அவர்தம் பிள்ளைகளின் கையில் நூலைக் கொடுத்தலே இக்கதைக்கு நாம் எழுதவேண்டிய உரையாகும்.