அமுதசுரபியும் விடுமுறைத் தொண்டும்

விடுமுறை ஓய்வுக்கு உரியது, சோம்பலுக்கு உரியதன்று. நத்தார் விடுமுறையிலே மேல்நாட்டு இளைஞர் பலர் வீடற்றோர் தங்கும் நிலையங்களுக்குச் சென்று தொண்டு புரிகின்றனர். 1967ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தோன்றிய ‘கிரைசிஸ்’ என்னும் அறநிலையம் நத்தார் காலத்தில் இத்தகைய நிலையங்களை நடத்தி வருகின்றது. அங்கே சூடான உணவு மட்டுமா கிடைக்கின்றது? முடி திருத்துவோரும், பல் மருத்துவரும், குடியிருக்க இடம் தேடுவதற்கு ஆலோசனை கூறுவோரும் தொண்டராக வருகின்றனர். நத்தாரைக் கொண்டாடாத பிற சமயத்தவரும் அவர்களுள் உளர்.

இவ்வறம் நமக்குப் புதியதோ? அன்று. நயினாதீவை நினைத்துப் பாருங்கள். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து வள்ளமேறிச் சிறிது நேரத்தில் அடையத்தக்க இத்தீவிலே, நாகபூசணி அம்மனை வழிபட வருவோருக்கு அன்னமிடும் மண்டபம் ‘அமுதசுரபி’ என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றது. மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் இத்தீவே என்பது ஆராய்ச்சியாளர் சிலரின் கருத்து, மறுப்போரும் உளர். அது எவ்வாறாயினும், அப்பெயரின் வரலாறு மாணவர் அறிந்திருக்க வேண்டியதொன்றாகும்.

பெற்ற தாயாற் கைவிடப்பட்டவன் ஆபுத்திரன். வளர்த்த ஊரும் அவனை வெறுத்து ஒதுக்கியது. வீடின்றி மதுரையை அடைந்த அவன், தான் இரந்து பெற்ற சோற்றைக் கண்ணிலார், முடவர், நோயாளர், ஆதரவற்றோர் ஆகியோருக்கு முதலில் அளித்து, மிஞ்சியதைத் தான் உண்டான். பிச்சைப் பாத்திரத்தையே தலையணையாக்கி அம்பலத்தில் உறங்கினான். சிந்தாதேவி அவனுக்கு அள்ளக் குறையாத அமுதசுரபியை ஈந்தாள். வீடற்றோருக்குத் தொண்டு செய்தவன் தானும் வீடற்றவனாகவே இருந்தான் என்பது சிந்திக்கத்தக்கது.

பாண்டி நாடு செழித்து, உண்பார் இல்லாதொழிந்தபோது, பஞ்சத்தால் வாடிய சாவக நாட்டுக்கு அவன் கப்பலேறினான். இடையே மணிபல்லவத்தில் இறங்கிய அவனைக் கப்பலார் அறியாது விட்டுச் சென்றனர். கையிலோ வற்றாத பாத்திரம், தீவிலோ ஒருவருமில்லை. தன் ஒரு வயிற்றுக்காக அதனைப் பயன்படுத்த மனமின்றி, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையிலே விட்டு, உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தான். ஏற்பவர் இல்லையேல் ஈவோரும் இல்லை. ஆகவே நம் கையிலிருந்து சோற்றைப் பெறுபவரே நமக்கு உதவி செய்கின்றார் எனக் கொள்ளல் தகும்.

பின்னர் அப்பாத்திரத்தைப் பெற்ற மணிமேகலை, புகார் நகரில் நாதியற்றோர் தங்கிய உலக அறவி என்னும் பொது அம்பலத்தைத் தேடிச் சென்றாள், சிறைக்கோட்டத்தையும் அறக்கோட்டமாக்கினாள். பசித்தவர் தன் வாயிலுக்கு வரட்டும் என அவள் காத்திருக்கவில்லை.

இது காப்பியம். வரலாறும் ஒரு சான்று தருகின்றது. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டொன்று நயினாதீவிலே கிடைத்துள்ளது. பிற நாட்டார் ஊர்காவற்றுறையிலே வந்து இறங்க வேண்டும் என்றும், அவர்களுக்குத் தீங்கு நேராமற் காக்க வேண்டும் என்றும் அது கூறுகின்றது. கப்பல் உடைந்தாலும் பொருள் முழுவதையும் அரசு எடுத்துக்கொள்வதில்லை. யானை, குதிரை ஏற்றி வந்த கப்பலாயின் நான்கில் ஒரு பங்கும், வாணிபப் பொருள் கொண்டதாயின் பாதியும் பண்டாரத்துக்குச் சேரும். எஞ்சியது உடையவர்க்கே உரியது. அந்நியனாயினும் அவனுக்கும் உரிமை உண்டு என்பது இதனாற் புலனாகின்றது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், நத்தாருக்கு மறுநாட் காலை, ஆழிப்பேரலை இலங்கையின் கரையோரங்களை அழித்தது. வடமராட்சி, முல்லைத்தீவு தொடங்கி அம்பாறை வரை எண்ணற்றோர் ஒரே நாளில் வீடற்றோராயினர். பாடசாலைகளும் கோயில்களும் தேவாலயங்களும் அவர்களுக்குப் புகலிடமாயின. உணவு சமைத்தவர், உடை சேர்த்தவர் இன்ன சமயத்தவர் என எவரும் கேட்கவில்லை. எனினும், எந்த முகாமிலும் முதற் சில நாட்களிற் பொதிகள் குவிவதும், விடுமுறை முடிந்ததும் தொண்டர் தொகை அருகுவதும் இயல்பாகும். பசியோ பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை.

ஆதலின் மாணவர்க்கு நாம் கூறுவது இது. தொண்டு செய்யச் செல்லுமுன் நிலையத்தாரிடம் என்ன தேவை எனக் கேளுங்கள். கிழிந்த உடையைக் கொடுத்து அதற்குத் தருமம் எனப் பெயரிடாதீர்கள். உண்பவரைப் படமெடுத்துப் பிறர்க்குக் காட்டாதீர்கள். ‘ஐயா’ என்றும் ‘அம்மா’ என்றும் அழைத்து, அருகமர்ந்து, அவர் கூறுவதைக் கேளுங்கள். இலண்டனுக்குச் செல்ல வேண்டியதில்லை; கைதடி முதியோர் இல்லம் போன்ற இடங்கள் அண்மையிலேயே உள.

அமுதசுரபி பொய்கையிலிருந்து மேலெழுந்தது ஆண்டில் ஒரு நாள், வைகாசிப் பூரணையில், அன்னமிட்டதோ நாள்தோறும். விடுமுறையிலே தொடங்கும் தொண்டும் அவ்வாறே ஆகுக. மாதத்தில் ஒரு நாளையேனும் அதற்கென ஒதுக்குதல் எவர்க்கும் இயலும்.