கிளட்ச் மிதிச்சா பாதாளம்!

தாத்தா காலத்து காரில் டூர். டோல்கேட்டில் கிளட்ச்சை மிதிச்சா பெடல் 'தொப்'னு தரையில ஒட்டிக்குது, கியர் 'கர்ர்ர்'! "பிளேட் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்"னு யாராவது சொன்னா உடனே தலையாட்டாதீங்க பாஸ்!

மாருதி 800-ல் கேபிள், அது வேற கதை. ஹைட்ராலிக் கிளட்ச்சில், பெடல் பக்கம் மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்கம் ஸ்லேவ் சிலிண்டர். நடுவுல ஓடுறது பிரேக் ஆயில். பிளேட் தேய்ஞ்சா இன்ஜின் அலறும், வண்டி இழுக்காது. பெடலே விழுந்தா முதல் சந்தேகம் ஆயில் மேலதான்.

டப்பாவில ஆயில் குறைஞ்சிருந்தா எங்கேயோ ஒழுகுது. பெடல் பக்கம் ஈரமா? மாஸ்டர். ஸ்லேவோட ரப்பர் உறையைத் தள்ளினா சொட்டுதா? ஸ்லேவ். எங்கேயும் ஈரமில்லாம, மிதிச்சுப் பிடிச்சிருக்கும்போதே பெடல் மெல்ல இறங்குதா? மாஸ்டருக்குள்ள ரப்பர் சீல் அவுட். நாலு தடவை பம்ப் பண்ணினா சரியாகுதுன்னா, பெரும்பாலும் காற்று புகுந்திருக்கும்.

சிலிண்டரில் கீறலோ துருவோ இல்லைன்னா சீல் கிட் மாத்தினாலே போதும். (சில மாடல்களில் ஸ்லேவ் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே இருக்கும். அங்கே மெக்கானிக் சொல்றதுதான் சரி!) அப்புறம் ஏர் எடுக்கணும். ஒருத்தர் பெடலை மிதிச்சுப் பிடிக்க, இன்னொருத்தர் ஸ்லேவ் நிப்பிளைத் திறந்து மூடணும். மூடின பிறகுதான் காலை எடுக்கணும். குமிழி நிற்கிற வரைக்கும் இதேதான். நடுவுல டப்பா காலியானா மறுபடி முதல்ல இருந்து! ஜாக்கை மட்டும் நம்பி அடியில படுக்காதீங்க.

மூடியில டாட் 3, டாட் 4-ன்னு போட்டிருக்கிறதை மட்டும் ஊத்துங்க. இன்ஜின் ஆயில் ஊத்தினா ரப்பர் உப்பிடும். சில கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே டப்பா. அதுல ஆயில் இறங்கியிருந்தா ஓட்டவே வேண்டாம், கயிறு கட்டியும் இழுக்காதீங்க. லாரியில ஏத்திடுங்க.